மேல் தட்டில் ஏறிய மீட்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, முன் வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அவர் மகளே, தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் அறையின் கூட்டாளிகளே, அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என்னைப் பேச அழைத்தவர்கள், இவன் சிரிக்க வைப்பான் என்று நினைத்திருப்பார்கள். இன்று, ஐயாவின் இரங்கல் கூட்டத்தில், அது என்னால் ஆகாது.

நம் மேற்பார்வையாளர் 'மீதி ஐயா'வை அறியாதவர் இங்கே உண்டா? அந்தப் பட்டம் நான் வைத்ததுதான். மீட்டர் வந்தால் ஓடுகிறதா என்றா முதலில் பார்ப்பார்? மூடியில் பொறித்த எண்ணைப் பார்ப்பார். ஒற்றையா, இரட்டையா, மூன்றால் வகுபடுமா, ஒன்பதால் வகுபடுமா என்று பிரித்துச் சாக்பீஸால் குறி போடுவார். தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் பகா எண் என்றால் அதற்கு ஒரு வட்டம். மேல் தட்டில் இடம். யார் அவசரப்பட்டாலும் அந்த மீட்டர் கடைசியாகத்தான் வெளியே போகும்! "இதுக்கு ஒரு நாற்காலியும் போட்டுடலாமா ஐயா?" என்பேன். "நீ முதல்ல வகு. மீதி எவ்வளவு?" என்பார். நாற்பது வயதில் எனக்கு வகுத்தல் வந்தது அப்படித்தான்.

கடைசியாக வந்த மீட்டரின் எண் 10,13,113. அது பகா எண்தானா என்று அறிய, ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும். எண்ணூறு வரை அவரே முடித்தார். அதற்குள் ஆஸ்பத்திரி. பாக்கி இருபத்தொன்பதைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன்? மூன்று வகுத்தேன். மூன்றாவது 821. இன்னும் ஒன்று கூடியிருந்தால் வகுபட்டிருக்கும். இதிலேயே தப்பியது இனி எதில் மாட்டும் என்று சீட்டை மடித்துப் பையில் போட்டேன். மறுநாள் கட்டிலில் படுத்தபடி கேட்டார். "எல்லாத்துலயும் மீதி வருது ஐயா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்ப மேல் தட்டுல வச்சிரு." இரண்டு நாளில் போய்விட்டார்.

அதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்த மீட்டர்தான். அப்பாவின் கடைசிப் பகா எண் என்று மகள் நேற்று கேட்டு வாங்கிப் போனாள். அதன் பிறகுதான் உறுத்தல் தாளாமல் சீட்டை விரித்தேன். நான்காவது எண் 823. வகுத்தேன். ஈவு 1231. பெருக்கிப் பார்த்தேன். பக்கத்து பெஞ்சு ஃபிட்டரையும் வகுக்கச் சொன்னேன். எத்தனை பேர் வகுத்தால் அது மாறும்? இரண்டு எண்களின் பெருக்கம். பகு எண்.

மகளே, இதைச் சொல்லத்தான் காலையில் உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். "என்ன சித்தப்பா?" என்றாய். "சும்மா வந்தேன்மா" என்று திரும்பிவிட்டேன். எண்ணை மாற்ற முடியுமா? அவரை எழுப்ப முடியுமா? மீட்டரை அங்கிருந்து எடுக்கவும் எனக்குக் கை வரவில்லை. நீயே முடிவு செய்.

இனி என் பெஞ்சுக்கு வரும் ஒவ்வொரு எண்ணையும் கடைசி வரை வகுப்பேன். இந்தச் சபை சாட்சி. ஆனால் வகுத்ததை யாரிடம் போய்ச் சொல்வேன்?

தாமதம்தான், ஐயா. எண்ணூற்று இருபத்து மூன்றால் வகுத்துவிட்டேன்.

மீதி ஒன்றுமில்லை.