மாமியும் உடுக்கும்

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். ஒருவருடைய கையில் புது உடுக்கு ஒன்று இருந்தது.

“நான் உடுக்கு அடிச்சா மாமிக்குத் தெய்வம் வருது மச்சான்,” என்றார் அவர்.

“கோயில்லயா?”

“வீட்டுல. போனில வீடியோ பாத்து நானாத்தான் பழகுறன். ரெண்டு தட்டுத் தட்டக்குள்ள அவ தலைய விரிச்சிட்டு எழும்பிருவா.”

“அப்ப நல்லாத்தானே அடிக்கிறாய்!”

“எங்க? தாளம் பிழைச்சா ஆட்டம் அப்பிடியே நிண்டுரும். கண்ணைத் திறந்து, ‘ஒழுங்கா அடி, இல்லாட்டி வை’ எண்டு ஏசிப்போட்டு அடுப்படிக்குப் போயிருவா.”

“ஏசுறது தெய்வமா, மாமியா?”

“கேக்கப் பயமா இரிக்கு.”

பக்கத்தில் மரக்கறிக் கூடையோடு நின்ற பெண் கேட்காதவர் போல இன்னும் நெருங்கி வந்தார்.

“மறுகா என்ன நடந்திச்சு மச்சான்?”

“நேத்துத்தான் பிழையில்லாம அடிச்சன். அவவும் கடைசி மட்டும் ஆடினா. இந்த முறை சடங்குக்கு நான் கோயில்ல அடிக்கலாமா எண்டு என்ட மனிசி தாய்க்கிட்டக் கும்பிட்டு வாக்குக் கேட்டா.”

பாதை மண்டூர்த் துறையில் முட்டியது. யாரும் இறங்கவில்லை.

“தெய்வம் என்ன சொல்லிச்சு?”

“‘இவனுக்கு ஒரு புல்லாங்குழல் வாங்கிக் குடு பிள்ளை, எனக்கு முழங்கால் ஏலாது’ எண்டு சொல்லிச்சு.”