ஏழு சுத்தப் பிரதிகள்

கடிதம் எழுதுவதற்குக் கோடில்லாத தாளே உகந்தது என்பது என் கருத்து. கோடிட்ட தாள் கையைச் சோம்பேறியாக்கிவிடும். இந்த வாக்குமூலத்தையும் கோடில்லாத தாளிலேயே எழுதுகிறேன். வரிகள் நேராக ஓடுவதைப் போதகராகிய நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இதை எழுதித் தருமாறு நீங்கள் கேட்கவில்லை. சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, "என்ன சார், மூணு மாசமா திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து வரவே மாட்டேங்கறீங்க? முட்டி வலியா?" என்று மட்டுமே கேட்டீர்கள். முட்டி நலமாக உள்ளது என்றேன். "அப்போ மனசா?" என்றீர்கள். காரணத்தை எழுதித் தருகிறேன் என்றேன். "எழுத்தெல்லாம் எதுக்கு சார்? சும்மா வாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

சும்மா வருவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே சுயநினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதுகிறேன்.

நான் பத்திர எழுத்தர். முப்பத்தொரு ஆண்டுகளாக வீடும் நிலமும் கைமாறும் பத்திரங்களை எழுதி வருகிறேன். என் தொழிலின் சாரத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். நிபந்தனையின்றி எதையும் கொடுக்கும் பத்திரம் வம்பில் முடியும். கையெழுத்துக்குக் கீழே வெற்றிடம் மீந்தால், யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி குறுக்குக்கோடிட்டு அதை அடைத்துவிட வேண்டும். நான் எழுதிய பத்திரம் எதுவும் இதுவரை நீதிமன்றத்தில் தோற்றதில்லை. வீட்டுக் காரியங்களிலும் இதே முறையைக் கையாள்கிறேன். "கோடு போட்டு மூடாம நீங்க ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்ப மாட்டீங்களே" என்பார் என் மனைவி. அனுப்பியதில்லைதான்.

என் தந்தை ரொட்டிக் கடை வைத்திருந்தார். என் தம்பி விடியற்காலையில் வேனில் ரொட்டி கொண்டுபோய் வீடுவீடாகக் கொடுத்து வந்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், முந்தைய இரவில் குடித்தது தெளியாத நிலையில், அவன் வேனைப் பின்னால் எடுத்தான். பின்னால் ரொட்டித் தட்டுடன் அப்பா நின்றிருந்தார். இடுப்பெலும்பு மூன்றாக முறிந்தது. ஆட்கள் அவரைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, வேனின் சாவியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஓடிப்போனான்.

தூக்குப்படுக்கையில் கிடந்தபடி அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சின்னவன் ஏதாச்சும் சாப்பிட்டானா?" என்பது.

அதன்பின் அவர் நடக்கவில்லை. சில மாதங்களில் பார்வையும் போய்விட்டது. குளிப்பாட்டியது, திருப்பிப் படுக்கவைத்தது, நகம் வெட்டியது எல்லாம் நான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொல்கிறேன். குறையென்று சொல்வதானால் ரொட்டியின் ஓரத் துண்டைத்தான் சொல்ல வேண்டும். தம்பிக்கு ஓரத் துண்டு பிடிக்கும். கடையை மூடிய பின்பும், வெளியே வாங்கும் ஒவ்வொரு ரொட்டியிலும் அப்பா அதைத் தடவிப் பார்த்து எடுத்து, "இது சின்னவனுக்கு, வந்தா கேட்பான்" என்று தனியே வைப்பார். அவன் வரவில்லை. உணவை வீணாக்குவது தவறு என்பதால் மறுநாள் அதை நான் உண்பேன். எத்தனை ஓரத் துண்டுகள் என்பதை உத்தேசமாகச் சொல்ல விரும்பவில்லை. எல்லாமே காய்ந்திருந்தன.

ஓராண்டு கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில், ஒரு பாத்திரக் கிடங்கில் தங்கியிருந்தான். அப்பா தன் முகத்தில் விழிப்பாரா என்று கேட்டிருந்தான். வாசித்துக் காட்டினேன். அப்பா சற்று நேரம் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எழுது" என்றார்.

பேனாவைத் திறந்தேன்.

"வா."

"அப்புறம் அப்பா?"

"அவ்வளவுதான்."

ஒரு வரைவைத் திருத்திச் சுத்தப் பிரதி எடுப்பது என் தொழில். ஒரே ஒரு சொல்லைக் கொண்டு வந்து எழுதச் சொல்லும் கட்சிக்காரரிடம், 'இது செல்லாது ஐயா' என்று சொல்லும் கடமை எனக்கு உண்டு. அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. நேரே சுத்தப் பிரதியில் சரிசெய்தேன். 'வா' என்பதை நீக்கவுமில்லை. 'கீழ்க்காணும் நிபந்தனைகள் நிறைவேறியபின் வரலாம்' என்று விரித்தேன். தொலைபேசியில் அழைக்கக் கூடாது, பதில்களை என் அலுவலக முகவரிக்கே அனுப்ப வேண்டும், ஆறு மாதம் குடிக்காமலிருந்ததற்கு மருத்துவரின் சான்று இணைக்க வேண்டும் என்பவை முதல் கடிதத்தில் இருந்தன. நியாயமானவை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

கையெழுத்தை அப்பாவே போட்டார். பிறர் கையெழுத்தை நான் வாழ்நாளில் ஒருமுறையும் போட்டதில்லை. இதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பேனாவை அவர் விரல்களுக்கிடையே வைத்து, இடத்தைக் காட்டினேன். பெயரைக் கிறுக்கினார். அதன்பின் கை சற்றுக் கீழே இறங்கி, நடுக்கத்தில் ஒரு கிறுக்கல் விழுந்தது. அதன்மீதே வழக்கமான குறுக்குக்கோட்டை இழுத்து, உறையை ஒட்டினேன்.

ஏழே மாதத்தில் சான்று வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. உடன் வந்த கடிதத்தில், 'அப்பா கேட்டபடி செய்தேன். வேறு ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் சொல்லுங்கள். அதுவரை வர மாட்டேன்' என்றிருந்தது. அப்பாவுக்கு அதிலிருந்து 'வர மாட்டேன்' என்பதை வாசித்தேன். நான் வாசித்த சொற்கள் யாவும் கடிதத்தில் இருந்தவையே. முழுவதையும் வாசித்துவிட்டதாக நான் எங்கும் கூறவில்லை.

"பாவம், பயப்படறான்" என்றார் அப்பா. "எழுது. வா."

இவ்விதம் எட்டு ஆண்டுகளில் ஏழு கடிதங்கள். ஒரு கட்டத்தில், விபத்தன்று காலை ரொட்டி கிடைக்காத நாற்பத்து மூன்று வாடிக்கையாளர்களுக்கும் தனித்தனியே வருத்தக் கடிதம் எழுதி, பார்வைக்காக என் அலுவலகத்துக்கு அனுப்பும்படி விதித்தேன். எழுதி அனுப்பினான். ஒருவருக்கு எழுதியதைப் பார்த்து இன்னொருவருக்கு எழுதவில்லை, எல்லாம் வேறுவேறு. அவற்றை நான் உரியவர்களுக்குச் சேர்க்கவில்லை. மூன்று கடிதங்களில் வருத்தம் போதிய அளவு வெளிப்படவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நிபந்தனைகளால் அவன் சீர்பட்டான். குடி நின்றது. கிடங்கில் மேற்பார்வையாளனானான். அவனது எழுத்துகூட நேரானது. என் முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நீங்கள் பீடத்திலிருந்து, கிருபை இலவசம், தகுதி பார்த்து வருவதல்ல என்று சொல்லும்போதெல்லாம், மூன்றாம் வரிசையில் அமர்ந்து தலையசைத்தேன். கொள்கையளவில் எனக்கு அதில் மறுப்பில்லை. நடைமுறையில் யாராவது ஒருவர் நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

தம்பிமீது எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நான் அவனை மன்னித்துவிட்டிருந்தேன். செயல்படுத்தும் தேதியை மட்டும் குறிக்காமல் வைத்திருந்தேன்.

ஏழாவது கடிதத்தில்தான் பிழை நேர்ந்தது. 'மகன் எனப்பட நான் தகுதியற்றவன்' என்று தன் கைப்பட எழுதி, இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு அனுப்பும்படி அதில் விதித்தேன். இத்துடன் கோப்பு நிறைவுபெறும் என்று தோன்றியது. நிறைவுபெற்ற கோப்பில் அசல்கள் இருக்க வேண்டுமல்லவா? ஆகவே ஏழு கடிதங்களின் அசலையும் தேதிவாரியாக அடுக்கி இணைக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். வேறெவரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலிருந்தால் அவன் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

பத்து நாள் கழித்து, ஒரு விடுமுறை நாளின் நண்பகலில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். காதோரம் நரைத்த ஒருவன் கையில் கோப்புடன் நின்றான். தம்பிதான்.

"ஏழாவது நிபந்தனை நிறைவேறிவிட்டதா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பதென்று தோன்றவில்லை.

"இல்லண்ணே."

"சாட்சிகள்?"

"இல்லண்ணே. கொஞ்சம் வழி விடு."

உள்ளே போனான். கட்டிலில் அப்பா தலையைத் திருப்பவில்லை. காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சின்னவனா? சாப்பிட்டியாடா?"

தம்பி தரையில் அமர்ந்து, அந்த மெத்தையின் ஓரத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியுடன் வந்து நின்றார். அப்பா தலையணைப் பக்கம் தடவி, அன்றைய ஓரத் துண்டை எடுத்து நீட்டினார். தம்பி அதை இரண்டாகப் பிய்த்து, பாதியை என்னிடம் நீட்டினான். வாங்கித் தட்டில் வைத்துவிட்டேன். எதற்காகத் தருகிறான் என்பது தெளிவாக இல்லை.

அதன்பின் அவன் ஏழு கடிதங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினான். "இங்க பாரு. ஒவ்வொண்ணுலயும் நீ போட்ட கோட்டுக்கு அடியில."

அப்பாவின் கை நடுக்கம் என்றேன்.

"நடுக்கம் ஏழு தடவையும் ஒரே மாதிரியா வரும்? நல்லாப் பாருண்ணே."

பார்த்தேன். ஊரார் கிறுக்கல்களையெல்லாம் படித்துச் சொல்வதில் பெயர் பெற்றவன் நான். என் நேரான கோட்டின் அடியில், ஏழு தாளிலும், அதே இடத்தில், அதே சொல் இருந்தது. வா.

என் மனைவி எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் கடிதங்களை ஒவ்வொன்றாக முழுக்கப் படித்தார். எட்டு ஆண்டுகளாக அவருக்கு எதுவும் தெரியாது. படித்து முடித்து, "ரெண்டு மணி நேர பஸ்ஸு" என்றார். அன்று அடுப்பில் இருந்தது கருகிப்போனது. அவர் சமையலில் அப்படி நடந்ததேயில்லை.

மாலையில் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது, நான் மாற்றி எழுதியது அவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"முதல் கடுதாசிலயே. கண்ணுதானே போச்சு? பேனா ஓடுற சத்தம் கேட்கும்ல. நான் சொன்னது ஒரு வார்த்தை. நீ அரை மணி நேரம் எழுதினே."

"அப்படியானால் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா நீ என்னடா பதில் சொல்லுவே?" என்றார். பிறகு, "நீயும் எனக்குப் பிள்ளைதானே" என்றார். சற்று நேரம் கழித்து, "முதுகுப் பக்கம் கொஞ்சம் தலகாணி வை" என்றார்.

அவர் அதன்பின் பத்தொன்பது நாள்கள் உயிரோடு இருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தவை அந்தப் பத்தொன்பது நாள்கள்; அவற்றில் முதல் நாளில் அரைநாளைக் கழித்துவிட வேண்டும். அடக்க ஆராதனையை நீங்களே நடத்தினீர்கள். பொறுப்பான மூத்த மகன் என்று என்னைக் குறிப்பிட்டீர்கள். அதைத் திருத்தும் சந்தர்ப்பம் அப்போது வாய்க்கவில்லை, இப்போது திருத்துகிறேன்.

அடக்கம் முடிந்து வரும் வழியில் தம்பி என் தோளில் கை போட்டான். "உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேண்ணே."

"எப்போது? தேதி?"

"பஸ்ல வரும்போதே."

"நான் கேட்பதற்கு முன்பா?"

"நீ எங்க கேட்கப்போறே?" என்று சிரித்தான். "சரி, நடக்கலாமா? கால் வலிக்குது."

இதை என்னால் ஏற்க இயலவில்லை. கோரிக்கை இல்லாமல், விசாரணை இல்லாமல், குற்றத்தின் அளவை நிர்ணயிக்காமல் தரப்பட்ட மன்னிப்பு இது. ஏழல்ல, எழுபது நிபந்தனைகள் விதித்தாலும் நிறைவேற்றியிருப்பேன். அவன் ஒன்றுகூட விதிக்கவில்லை. அப்பாவும் விதிக்கவில்லை. நீங்களோ 'சும்மா வாங்க' என்கிறீர்கள். எனக்கு ஆறுதலாக இருப்பவர் என் மனைவி ஒருவரே. "அவங்க ரெண்டு பேரும் மன்னிச்சிருக்கலாம். நான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். மூன்று மாதம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை, அவரும், நான் கேட்காமலேயே, ரொட்டியின் ஓரத் துண்டைப் புதிதாக வெட்டி என் தட்டில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் அது தட்டில் இருக்கிறது. காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, போதகர் ஐயா, நடந்தவை அனைத்தும் என்னால், முழு அறிவோடு, நல்ல தாளில் செய்யப்பட்டவை. திருவிருந்துக்கு வர எனக்கு விருப்பம் உண்டு. என் தரப்பில் ஒரே ஒரு நிபந்தனைதான்: நான் வருவதற்கு நீங்கள் ஏதாவது ஒரு நிபந்தனையை எழுத்து மூலம் விதிக்க வேண்டும். கடினமானதாக இருப்பது நல்லது. அது கைக்கு வரும்வரை மூன்றாம் வரிசையிலேயே அமர்ந்திருப்பேன்.

அதைத் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். இந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே சிறிது இடம் மீந்திருந்தது. யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாதபடி, வழக்கம்போல் குறுக்குக்கோடிட்டு அதை அடைத்துவிட்டேன்.