பஸ்ஸில் ஏறிய எல்லை

நாளை கட்டப்போகும் காப்புக்கு இன்றே வேர்த்துக்கொண்டிருக்கும் விழாக்குழுத் தலைவர் நயினார் ஐயா அவர்களே! அவர் வேர்வையைக் கண்டு உள்ளூர மகிழும் பெரியோர்களே! வீட்டில் கணவன் பேச்சைக் கேட்காவிட்டாலும் மேடையில் என் பேச்சைக் கேட்க வந்த தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் வந்திருக்கும் தோழர்களே! வணங்குகிறேன்.

என் அறிவுக்காக யாரும் என்னை அழைக்கவில்லை. மைக் செட் என் மச்சானுடையது.

என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள் முத்துச்செல்வி. தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில்தான் வேலை. "தங்கச்சிக்கு அம்மை போட்டிருந்துச்சு அண்ணாச்சி. எறங்குனா கூழ் ஊத்துதேன்னு இந்த ஆத்தாகிட்டதான் நேந்தேன். கையில காப்பு கெட்டாம எப்படி ஊத்த?" என்று கேட்டாள். குழுவில் ரகுபதி சொன்னார்: "வாடகைக்கு வந்த பொண்ணுக்கு இன்னாத்துக்குப்பா காப்பு? எல்லைக்கு வெளியில பொறந்தவங்களுக்குக் கட்ற வழக்கமில்ல. எல்லைன்னா எல்லைதான்."

எல்லை! காப்புக் கட்டியவர் கூழ் ஊற்றும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சரி, எதற்காக இந்த எல்லை?

எங்கள் கம்பெனிக் கொரிய மேனேஜரிடம் கேன்டீனில் இதைச் சொன்னேன். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்தால் அரை ஆங்கிலம், மீதி கையசைவு. அவர் பாட்டன் காலத்தில் குழந்தை பிறந்தால் வாசலில் வைக்கோல் கயிறு கட்டுவார்களாம். அதில் மிளகாயும் கரித்துண்டும் செருகுவார்களாம். வெளியாள் உள்ளே வரக் கூடாது. "வெளியாள் மேல் கோபமா?" என்றேன். "இல்லை. குழந்தை மேல் கவலை" என்றார்.

தோழர்களே! அம்மை கண்டால் நாம் வாசலில் வேப்பிலை செருகுவதும் அந்தக் கவலையில்தானே? கடலுக்கு அந்தப் பக்கக் கயிறும் இந்தப் பக்கக் காப்பும் காக்கக் கட்டிய கயிறு! காக்கக் கட்டிய கயிறு, கழுத்தைப் பிடித்துத் தள்ளும் கயிறாக எப்போது மாறியது?

யாரது பின்னால், "எல்லை மாறவே மாறாது" என்பது? பிரவீன் தம்பியா? ராசா, போன ஆடியில் காப்புக் கட்டிய கையோடு நாமெல்லாம் வேலைக்குப் போனோமே, எப்படி? ஞாபகம் இருக்கிறதா? ஷிப்ட் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினோம். "பஸ்தான் ஊரு, ஏறுங்கடா!" என்று அறிவித்தோம். அம்மனும் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசரும் ஒன்றும் சொல்லவில்லை. உலகிலேயே சக்கரம் வைத்த ஒரே எல்லை நம்முடையது! அதைக் கண்டுபிடித்த மேதை யார்? நம் ரகுபதிதான்! கைதட்டுங்கள், வெட்கப்படுகிறார்.

இப்போது என் கேள்வி. அதே பஸ்ஸில், அதே வேப்பிலைக்குப் பின்னால், ஜன்னலோர சீட்டில் தினமும் உட்கார்ந்து வருவது யார்?

முத்துச்செல்வி!

பஸ்தான் ஊர் என்றால் அவள் ஊருக்குள்ளே இருக்கிறாளா, வெளியே இருக்கிறாளா? நம் ஓவர்டைமுக்காக ஒரகடம்வரை நீண்ட எல்லை, ஒரு பெண்ணின் நேர்த்திக்கடனுக்காக என் மாடிப்படிவரை ஏறாதா?

என்ன மரகதம் அக்கா, வருஷா வருஷம் காப்புக் கயிறு திரிக்கும் நீங்களே எழுந்துவிட்டீர்கள்?

"கயிறு என்னாண்ட கீது. நாளைக்கு நானே அந்தப் பொண்ணுக்குக் கட்றேன். இன்னா ரகுபதி, வேணாம்னு சொல்லு பார்ப்போம்!"

ரகுபதி தரையைப் பார்க்கிறார். தலைவர் தலையாட்டிவிட்டார், நான் பார்த்துவிட்டேன், இனி மாற்ற முடியாது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பழுதில்லாமல் பாடிய மைக்குக்கும் நன்றி. நாளை எல்லைக்கல் அருகே எல்லோரும் கையை நீட்டுங்கள். முதல் கை மாடியிலிருந்து வரும். வணக்கம்!