ஜங்ஷன் சாஸுக்குத் தொண்ணூறு நாள்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி பத்து நிமிடம். இந்த மண்டபத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர்; வாசலில் நின்று எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். மங்கலம்பேட்டைச் சாலையில் உள்ள நம் கொட்டகையில் நாற்பத்தாறு ஜாடிகளில் மிளகாய் ஊறுகிறது. அவற்றுக்கு இன்று ஐம்பத்தெட்டாம் நாள். சனாவுல்லா பாய் போய்ப் பத்து நாள்.

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் பாலகிருஷ்ணன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் பாயின் மகள் ஹுமைரா அவர்களே, கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தா நாட்களில் இருப்பதால் வர முடியாமல் மகளின் செல்போன் வழியே வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பாயின் மனைவி அமீனா பீவி அம்மா அவர்களே, கொட்டகையில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பூவாயி அக்கா உள்ளிட்ட பதினான்கு பேரே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் நந்தகுமார். செராமிக் டிப்ளமோ படித்தவன். ஜங்ஷன் சாஸின் ஜாடிக்கும் தரத்துக்கும் பொறுப்பாளன். அழகாகப் பேச எனக்கு வராது. அளந்து சொல்ல வரும்.

பாய் பத்தொன்பது வருஷம் ரியாத்தில் ஒரு ஓட்டல் சமையலறையில் மிளகாய் அரைத்தவர். 2012இல் ஊர் திரும்பி, விருத்தாசலம் ஜங்ஷன் எதிரில் பரோட்டாக் கடை போட்டார். ரியாத்தில் கற்ற சாஸை நல்லூர்ப் பக்கத்துப் பழுத்த மிளகாயில் செய்து, பாட்டிலில் ஊற்றி மேஜைக்கு ஒன்று வைத்தார். ஒரு மாதத்தில் பதினோரு பாட்டில் காணவில்லை.

"பாய், ரயிலுக்குப் போறவனுங்க பாட்டிலத் தூக்கிட்டுப் போறானுங்க" என்று சப்ளையர் அலறினாராம்.

"பரோட்டாவ வுட்டுட்டா?"

"ஆமா பாய். பரோட்டாவ பாதியில வுட்டுட்டு."

"அப்ப நம்ம தொழில் பரோட்டா இல்லடா!"

இப்படிப் பிறந்ததுதான் ஜங்ஷன் சாஸ். பொருள் களவு போனதற்கு மகிழ்ந்த வியாபாரியை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா?

நான் அவரைச் சந்தித்தது 2017இல். நல்ல சந்திப்பு அல்ல. அப்போது சாஸை மஞ்சளும் சிவப்புமாகப் பளபளக்கும் சின்னஞ்சிறு ஜாடிகளில் விற்றார். இது செராமிக் ஊர். ஜாடியில் கொடுத்தால்தான் ஊருக்குப் பெருமை என்று நினைத்தார். ஆனால் அவை எங்கோ வெளியூர்ச் சந்தையில் வாங்கியவை, அலங்காரத்துக்குச் செய்தவை. புளிப்பு வைக்கச் செய்தவை அல்ல. எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஜாடி வாங்கி, நான்கு சதவீத அசிட்டிக் அமிலம் ஊற்றி, இருபத்து நான்கு மணி நேரம் வைத்துச் சோதனைக்கு அனுப்பினேன். அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு ஈயம்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கடை நிறையக் கூட்டம். எனக்கு வயது இருபத்தொன்று, பொறுமை கிடையாது. எல்லார் எதிரிலும் சொன்னேன்: "பாய், நீங்க ஊருக்கு ஈயம் விக்கிறீங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தை வாங்கினார். இரண்டு முறை படித்தார். கடையின் ஷட்டரை இழுத்துவிட்டார். மறுநாள் காலை ஒரு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, மைக்கை அவரே பிடித்தார்.

"ஜங்ஷன் சாஸு சனாவுல்லா பேசறேங்க. என் ஜாடியில ஈயம் இருக்குது. வாங்கினவங்க ஒரு சொட்டு கூடத் தொடாதீங்க. கொண்டாந்து குடுத்துட்டுக் காச வாங்கிக்குங்க. தப்பு என்னோடதுங்க."

மூன்று நாள்! விருத்தாசலம் முழுக்க, மங்கலம்பேட்டை முழுக்க, தன் சரக்கை வாங்காதீர்கள் என்று தன் குரலிலேயே விளம்பரம் செய்த மனிதர் அவர்! விற்றவை எழுநூற்று இருபது. திரும்பியவை அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. மீதி இருபத்திரண்டு வீடுகளைத் தேடித் தன் மொபெட்டிலேயே போனார். ஒரு வீட்டில் அந்த அம்மா தர மறுத்துச் சண்டை: "இன்னும் பாதி இருக்குது பாய், இது தீரட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போங்க!"

நான்காம் நாள் நான் வேலை செய்த சூளைக்கு வந்தார். "குத்தம் கண்டுபிடிச்சாச்சு. நல்ல ஜாடிய யாரு செய்வா, உங்க தாத்தாவா?"

நான்தான் செய்தேன். விற்பனைக்குக் கண்ணாடிப் பாட்டில், ஊறவைக்கப் பெரிய ஜாடி என்று முடிவானது. ஈயம் இல்லாத கிளேஸ் பூச்சு, ஆயிரத்து இருநூற்று ஐம்பது டிகிரி. முதல் மூன்று சூளையும் விரிசல். ஒவ்வொரு தடவையும் டீயோடு வந்து நின்றார். "நந்தா, இது ஜாடியா, சல்லடையா?" நான்காவது சூளையில் வந்தவைதான் இன்று கொட்டகையில் இருக்கும் நாற்பத்தாறும்.

அன்று முதல் எட்டு வருஷம் சண்டை. பெரிய சண்டை ஒன்றே ஒன்று: அறுபது நாளா, தொண்ணூறு நாளா?

நான் சொன்னேன்: "பாய், முப்பதாம் நாளே புளிப்பு மீட்டர் மூணரை காட்டுது. நாப்பத்தஞ்சுல நுரை நின்னு போச்சு. அறுபதுல எடுத்துடலாம். கணக்குப்படி முடிஞ்சுது."

"முடிஞ்சுது, சரி. ரெண்டாவது கை நீளுதா?"

அவருடைய சோதனை அதுதான். ஜாடி திறக்கும் அன்று மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து எல்லாருக்கும் கொடுப்பார். நடுவில் சாஸ். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், நல்லா இருக்குதா என்று கேட்கவும் மாட்டார். கையை மட்டும் பார்ப்பார். முதல் தடவை தொட்டுக்கொள்வது மரியாதை, இரண்டாவது தடவை கை தானாக நீண்டால்தான் ருசி என்பார். பூவாயி அக்காவின் கை நீளவில்லை என்பதற்காக, என் மீட்டர் சரி என்று சொன்ன ஜாடிகளை இன்னும் ஒரு வாரம் மூடிவைத்தவர் அவர். இதெல்லாம் ஒரு அளவுகோலா என்று கத்தியிருக்கிறேன். இன்று அந்தக் கண்கள் எங்கே? கையைப் பார்ப்பதற்கு இனி யார் இருக்கிறார்கள்?

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். "தம்பி, இது இரங்கல் கூட்டம்ப்பா" என்கிறார். தெரியும் ஐயா. இரண்டு நிமிஷம்.

மார்ச் 10ஆம் தேதி, சென்னையில் நான்கு கிளை உள்ள ஒரு கடைக்கு ஆயிரத்து இருநூறு பாட்டில் தருவதாக நான் கையெழுத்திட்டேன். ஏப்ரல் 15 காலை வண்டி வரும். அது அறுபதாம் நாள். பாயிடம் சொல்லவில்லை. ஹுமைராவிடமும் சொல்லவில்லை. அறுபது நாளில் எடுத்தால் வருஷத்தில் இன்னொரு முறை ஜாடி நிரப்பலாம், பதினான்கு பேருக்கு இன்னும் இரண்டு மாதம் வேலை என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். சொல்லாதது சரியில்லை.

நோன்புப் பெருநாள் அன்று பாய் வீட்டில் பிரியாணி. சொல்லிவிடத்தான் போனேன். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நந்தா, உப்பு கம்மியா?"

"இல்ல பாய். நல்லாருக்குது."

"அப்ப மனசுல என்னவோ இருக்குது. சொல்லு."

"ஒண்ணும் இல்ல பாய்."

"பொய் சொல்லாத. உனக்கு வராது."

சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தார். மூன்றாம் நாள் காலை மாரடைப்பு.

கடை நிறைய ஆட்கள் இருக்கையில் அவரிடம் உண்மை பேசியவன் நான். அவர் மட்டும் எதிரில் இருக்கையில் பேசவில்லை. இந்தப் பத்து நாளும் எனக்கு வேண்டியிருப்பது ஆறுதல் அல்ல. ஒரு திட்டு. "அறிவு இருக்குதாடா உனக்கு?" என்று அந்தக் குரலில் ஒரே ஒரு திட்டு. அது கிடைக்காது. கொட்டகையில் மொபெட் சத்தம் கேட்டால் இன்னும் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன், சண்டைக்கு.

வண்டி வெறுமனே திரும்பினால் அந்தக் கடை இனி நம்மைச் சேர்க்காது. பதினான்கு பேருடைய இரண்டு மாத வேலையும் போகும். அக்காமார்களே, அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அது என் தவறு, ஹுமைராவுடையது அல்ல. பாயின் பெயர் இருக்கும் சரக்கை, பாய் ஒப்பாத நாளில், அவர் இல்லை என்ற தைரியத்தில் நான் வெளியே அனுப்ப மாட்டேன். அஞ்சலி என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செய்யப்போவதை வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன்.

1. இந்தக் கூட்டம் முடிந்ததும் சென்னைக் கடைக்குப் போன் செய்வேன். மழை, லாரி, சாவு என்று காரணம் சொல்ல மாட்டேன். உரிமை இல்லாமல் ஒப்புக்கொண்டேன் என்பேன்.

2. அப்படியும் செவ்வாய்க்கிழமை வண்டி வந்தால், டிரைவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவேன்.

3. இந்த வாரத்துக்குள் வேறு நான்கு ஊர்க் கடைகளுக்கு நேரில் போவேன். தொண்ணூறு நாள் காத்திருக்கத் தயாரான ஒருவரையாவது பிடிக்காமல் திரும்ப மாட்டேன்.

4. தினமும் காலை ஆறு மணிக்கு எல்லா ஜாடியையும் அளப்பேன். பாய் மீது உள்ள அன்புக்காக மீட்டரை மூட்டை கட்ட மாட்டேன். கெட்ட ஜாடி கெட்ட ஜாடிதான்.

5. மே 15, வியாழக்கிழமை, தொண்ணூறாம் நாள். கிழங்கு வேகும். பூவாயி அக்கா முதலில் உட்காருவார். ஹுமைரா கைகளைப் பார்ப்பார். அவர் சொன்னால் பாட்டிலில் ஊற்றுவோம். இல்லையென்றால் மூடுவோம்.

6. ஒரே ஒரு ஜாடியை மட்டும் அறுபதாம் நாளில் திறந்து எடுத்துவைப்பேன். விற்பதற்கு அல்ல. மே 15 அன்று அதையும் தொண்ணூறு நாள் சாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று சொல்லாமல் கொடுப்பேன். பாய் சொன்னது சரி என்று வந்தால் இதே மண்டபத்தில் மைக் பிடித்துச் சொல்வேன். நான் சொன்னது சரி என்று வந்தால், அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.