ஒன்றரை இஞ்சு ஏறின தரை

இல்ல பாய், அந்தக் கதவு இல்ல. வாசக்கதவு நல்லாத்தான் இருக்குது. ஹால்லேர்ந்து உள் ரூமுக்குப் போவுது பாருங்க, இதத்தான் நீங்க சீவணும். பாத்து வாங்க, டைல்ஸு புதுசு, வழுக்கும்.

ஹால் பக்கந்தான் தொறக்கணும். இப்ப ஒரு சாண் வருது, அப்பறம் தரையில உரசி நின்னுடுது. ஒரு தட்டு உள்ள போற அளவுக்குத்தான் வழி. இன்னா தட்டா? சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

டைல்ஸு போட்டதுலேர்ந்துதான் இந்த பேஜாரு. எழுவத்தொண்ணுல வூடு கட்டினப்ப போட்ட செவப்பு சிமெண்டுத் தரை. பதினஞ்சு வருஷமா ஒரு கொறையும் இல்ல. எங்க வூட்டுக்காரரு தோல் கம்பெனியில சூப்பர்வைசரு, ஞானசீலன்னா ஆம்பூர்ல பாதிப் பேருக்குத் தெரியும். வர்ற ஞாயித்துக்கெழம ராணிப்பேட்டையிலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பெரிய எடம். அவங்கள இந்தத் தரையில நடக்க வெக்கறதான்னு ஒரே புடியா நின்னாரு.

ஏகாம்பரம் மேஸ்திரி வந்து பாத்துட்டு, பழசப் பேத்து எடுத்துட்டுப் போட்டாத்தான் சரியா வரும், பத்து நாளு குடுங்கன்னாரு. இவரு ஒத்துக்கல. பத்து நாளு வூட்டுக்குள்ள ஆளுங்க நடமாடக் கூடாது, பழசு மேலயே போடு, ரெண்டு நாள்ல முடின்னுட்டாரு. தர ஒன்றரை இஞ்சு ஏறும் சார், கதவெல்லாம் முட்டும், அப்பறம் என்னக் கேக்காதீங்கன்னு மேஸ்திரி சொல்லிப் பாத்தாரு. முட்டட்டும்னாரு இவரு.

ரெண்டு நாளும் உளிய வெச்சி தரையக் கொத்துன சத்தம் இருக்குதே, காது போச்சி. கலவ புடிக்கணும்னா கொத்தித்தான் ஆவணுமாம். டைல்ஸத் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு ஒவ்வொண்ணா எடுத்து வெச்சாங்க. எங்க வூட்டுக்காரரு ரேடியோவ வேற ஜாஸ்தியா வெச்சிட்டாரு. அப்பவும் மேஸ்திரிக்குக் கேட்டுடுச்சி. உள்ள யாராச்சும் இருக்காங்களாம்மா, கதவத் தட்ற மாதிரி இருக்குதேன்னாரு. என் நாத்தனாருக்கு அம்ம போட்டிருக்குது, கிட்ட போவாதீங்கன்னேன். நாந்தான் சொன்னேன். எங்க வூட்டுக்காரரு சொல்லச் சொல்லல.

ஐய, எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க பாய். அம்மயெல்லாம் யாருக்கும் இல்ல. எனக்கு நாத்தனாரே கெடையாது.

பூட்டா? சாவி அவருகிட்ட இருக்குது. ஆறு மணிக்கு மேலதான் வருவாரு. இல்ல இல்ல, சாயங்காலம் வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. இப்பவே ஆவணும். அடி சீவறதுக்கு எப்பிடியும் கதவக் கழட்டித்தானே ஆவணும்? கீலு இந்தப் பக்கந்தானே இருக்குது? கீல் கம்பி ரெண்டையும் மேல தட்டி எடுத்துட்டா, பூட்டத் தொடாமயே வந்துடும் இல்ல? எனக்கு எப்பிடித் தெரியுமா? நாலு நாளா இதயேதான் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்.

அக்கம்பக்கத்துல கேட்டா கேக்கட்டுமே. தர ஏறினா கதவு சீவறது எல்லா வூட்லயும் நடக்கறதுதான். உங்க மேல ஒரு பேச்சும் வராது. நானே சொல்லிக்கறேன்.

சுத்தி எடுத்துட்டீங்களா? ஒரு நிமிஷம். மேல் கம்பி வந்ததும் கதவு உங்க பக்கம் சாயும், கெட்டியாப் புடிச்சிக்குங்க. உள்ளேர்ந்து எம் பொண்ணு வருவா. பொன்மலரு. பயந்துடாதீங்க, கொஞ்சம் எளச்சிப் போயிருப்பா. இருவத்திரெண்டு வயசு. ராணிப்பேட்ட மாப்பிள்ளைக்கு, எனக்கு இஷ்டம் இல்லன்னு அவளே லெட்டர் எழுதி வெச்சிருந்தா. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி அவரு கையில மாட்டிக்கிச்சி. இன்னியோட பதினோரு நாளு. பாத்ரூமு உள்ளயே இருக்கறது அவருக்கு சௌரியமாப் போச்சி. காலைல ஒரு தட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தட்டு. நானா? தட்டுல சோறு போட்டுத் தந்ததே நாந்தானே.

ரெண்டு நாப்பதுக்குக் குடியாத்தம் பஸ்ஸு. அங்க ஸ்டேண்டுல வஹீதா நிப்பா, இவகூட ஷூ கம்பெனியில வேல செஞ்ச பொண்ணு. நேத்து ஆள் விட்டுச் சொல்லிட்டேன். இவ கௌம்பினதும் நீங்க பொறுமையா அடியச் சீவி, கதவ மாட்டிட்டுப் போங்க. பூட்டு பூட்டாவே இருக்கட்டும். எட்டு மணி வரைக்கும் யாரும் தொறக்கப் போறதில்ல.

அப்பறமா? அப்பறம் அவரு சாவி போடுவாரு. கதவு முழுசாத் தொறக்கும்.

நானா? நா எங்க பாய் போறது. தட்டுங்க.