ரப்பர் சுறா

— அந்தச் சுறா படத்த நிறுத்துறியா, இல்ல இந்த ஒயரையெல்லாம் புடுங்கட்டுமா, அத மொதல்ல சொல்லு செம்பியா.

— ஒயர்ல கைய வைக்காதீங்கக்கா, கரண்டு இருக்குது. முதுநகர்லேருந்து சிங்காரத்தோப்பு வரைக்கும் நம்ம கேபிள்தான். நீங்க ஒண்ணப் புடுங்குனா, மத்தியான சீரியல் பாக்குற பொம்பளைங்கல்லாம் கெளம்பி வந்து என்னயப் புடுங்கிடுவாங்க. கூடைய எறக்கி வச்சிட்டு ஒக்காருங்க பட்டம்மாக்கா.

— நா ஒக்கார வரல. கூடைல மீனு அப்பிடியே கெடக்கு பாரு. காலைலேருந்து சிதம்பரத்துல அண்ணாமல நகரு பூரா சுத்திட்டு வரேன். ஒரு வாத்தியாரம்மா, வருசக்கணக்கா எங்கிட்டதான் வாங்குது, இன்னிக்கி சங்கரா மீன அறுத்துக் காட்டுங்குது. வயித்துல என்னா இருக்குன்னு பாத்துட்டுத்தான் வாங்குமாம்.

— அறுத்துக் காட்ட வேண்டியதுதான?

— கூடையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். சிதம்பரத்துல உங்கேபிள் வராது, தெரியும். அங்கயும் எவனோ அதே படத்தப் போட்டுருக்கான்.

— அவனுக்கு அந்த சிடிய நாந்தான் குடுத்தேன்.

— நல்லா இருப்ப. சுனாமி வந்தப்ப, மீனு மனுசனத் தின்னுச்சின்னு மாசக்கணக்குல ஒரு ஜனம் வாங்கல. உப்புல போட்டுப் போட்டு எங்கை ரெண்டும் வெந்துபோச்சி. இந்த வருசந்தான் கொஞ்சம் மறந்துட்டு வாயில வைக்குதுங்க. அதுக்குள்ள நீ சுறாவக் கொண்டாந்து வூட்டுக்கு வூடு உட்டுட்ட.

— மேட்டரு அது இல்லக்கா. நானாத் தேடிப் புடிச்சிப் போடல, போன் போட்டு கேக்குறாங்க. சத்தியமா சொல்றேன், பெரிய ஹீரோ படம் போட்டா ஒருத்தரும் கேக்குறதில்ல. ஒண்ணுக்கும் ஒதவாத இந்தச் சுறா படத்துக்குத்தான் போனு ஜாஸ்தி. அதுவும் எங்கேருந்து? கடக்கரையோரத் தெருவுலேருந்து.

— அதுங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சிப் பாத்தேன். நம்மள அடிச்சது அலை. அதுக்கு ஒரு மூஞ்சி உண்டா? யாரப் போயி கேக்குறது, யார அடிக்கிறது? இந்தச் சுறாவுக்கு மூஞ்சி இருக்கு, பல்லு இருக்கு. கடைசில வெடிய வச்சித் தூளாக்கிடுறான். ஜனங்க கைதட்டிட்டுப் போய்ப் படுக்குதுங்க.

— த பாரு, ஊரு படுக்குது. எம்பொண்ணு படுக்கல. புள்ளயும் தூங்கல.

— ஏன்க்கா, பொன்னிக்கு என்னா?

— பால் பத்தல. சப்பிச் சப்பிப் பாத்துட்டு, வரலன்னு வீல்வீல்னு கத்துது. நர்சம்மா வந்து எட போட்டுட்டு, புள்ள தேறலயே, இப்பிடியே போனா ஆஸ்பத்திரிலதான் வைக்கணும்னுட்டுப் போச்சி. நம்ம பக்கம் புள்ள பெத்தவளுக்கு என்னா குடுப்போம், நீயே சொல்லு.

— பால்சுறா புட்டு. எங்க வூட்டுக்காரிக்கும் அதான். பூண்டத் தட்டிப் போட்டுக் கிண்டுனா தெருவே மணக்கும்.

— அதத் தொட மாட்டேங்குறா. உம்படத்தப் பாத்த நாள்லேருந்து. மாப்ள காத்தவராயன் கடலுக்குப் போயிட்டு வந்ததும் வராததுமா, தெனம் ரெண்டு சுறா குடுத்தனுப்புது. என்னா பிரயோஜனம்?

— பொன்னியா தொட மாட்டேங்குது?

— பின்ன யாரு? அந்தப் படத்துல சுறா வயித்த அறுக்குறாங்களாமே. உள்ள ஒரு கை இருக்காமே.

— அக்கா, அந்தப் படத்துல வர்றது லாரி சைஸ் சுறா. மாப்ள குடுத்தனுப்புறது அர மொழம் இருக்குமா? அதுவா மனுசன முழுங்கும்?

— முழுசாத்தான் முழுங்கணுமான்னு கேக்குறா.

— அப்பிடியா கேட்டுச்சி?

— அப்பிடித்தான் கேக்குறா. நா என்னா பதில் சொல்றது?

— ஒரு நிமிசம்க்கா. ஒங்களுக்கு அந்தப் படத்தக் காட்டுறேன். டிவில வராது, இந்தச் சின்ன பொட்டில மட்டுந்தான் தெரியும். இதோ, ஓட்டுறேன். பாத்தீங்களா, மொத அர மணி நேரம் சுறாவே கெடையாது. தண்ணியக் காட்டுறான், மியூசிக் போடுறான், தண்ணியக் காட்டுறான். ஏன் தெரியுமா? கைல காசு இல்ல. ஒரே ஒரு சுறா பொம்மதான் செஞ்சான். அதயே இந்தப் பக்கம் ஒரு தடவ வுடுறான், அந்தப் பக்கம் திருப்பி ஒரு தடவ வுடுறான், நாம ரெண்டு சுறான்னு நெனச்சிக்கணும். அந்த வெள்ளக்காரி பேசுறதக் கேளுங்க, நம்ம வண்ணாரப்பேட்டப் பொண்ணு மாரியே பேசும்.

— சுறா ஏன் நாய் மாரி உறுமுது?

— அதான் நானும் சொல்றேன். வாயத் தொறக்குது பாருங்க, உள்ள குழாய் தெரியுதா? ரப்பர்க்கா. வெறும் ரப்பர். துடுப்பாண்ட ஒட்டு உட்டுப்போயி தொங்குது. இதுக்கா பயப்படுறது? இருங்க, நீங்க சொன்ன எடம் இப்ப வரும். கத்தி எடுக்குறான் பாருங்க.

— போதும்.

— வயித்துல இருக்குறது பஞ்சுக்கா. செவப்புச் சாயத்துல நனைச்சி...

— போதுங்குறன்ல. நிறுத்து செம்பியா.

— நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்க்கா. இந்தாங்க, தண்ணி குடிங்க. வேர்த்துக் கொட்டுதே ஒங்களுக்கு.

— வெயில்ல வந்தேன்ல.

— செரி, இப்பிடிப் பண்ணலாம். இன்னிக்கி ராத்திரி ரெண்டாம் பாகம் போடுறதா இருந்தேன், அதுல சுறா ஆத்துல ஏறி ஊருக்குள்ள வரும். நம்ம கெடிலத்துல ஏறுனா திருவந்திபுரம் போறதுக்குள்ள தண்ணி இல்லாம அதுவே செத்துடும். அத வேணாம்னு வுட்டுடுறேன். பழைய எம்ஜியார் படம் எதாவது போடுறேன். போதுமா?

— போதும். எங்க வூட்டுக்காரரு வந்து பாக்குறப்ப பேரப்புள்ள எலும்பும் தோலுமா கெடந்தா என்னா சொல்லுவாரு? நீ வூட்ல இருந்து என்னாதான் கிழிச்சன்னு கேக்க மாட்டாரு?

— சின்னையன் மாமா...

— ஆமா, உங்க மாமாதான். காரைக்கால்ல பாத்ததா ஒரு ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சில்ல. நெனவு தப்பி எங்கயோ ஒதுங்கியிருக்காரு. அலை அடிச்சிட்டுப் போனவங்க எத்தினி பேரு திரும்பி வந்துருக்காங்க.

— வந்துருக்காங்கக்கா. யாரு இல்லன்னது.

— நா வரேன். படத்தப் போடாத.

— அக்கா, ஒரு நிமிசம். நீங்க வந்ததுலேருந்தே எனக்கு ஒண்ணு இடிக்குது. சொல்லலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து பொன்னி எனக்கு போன் பண்ணுச்சி.

— எதுக்கு?

— அந்தப் படத்த மறுபடியும் போடச் சொல்லி. சிரிச்சிச் சிரிச்சி தையல் போட்ட எடம் வலிக்குதுண்ணேன்னுது. இன்னொண்ணும் சொல்லுச்சி. அவரு தெனம் சுறா குடுத்தனுப்புறாரு, புட்டு திங்கணும்னு நாக்கு ஊறுது, அம்மா அத வூட்டுக்குள்ளயே சேக்காம யார்கிட்டயோ தூக்கிக் குடுத்துடுது, கேட்டா கெட்டுப்போச்சிங்குது, நீயாவது சொல்லுண்ணேன்னுது.

— அவ பச்ச ஒடம்புக்காரி. எதாவது ஒளறுவா.

— ஒளறல. நீங்கதான்க்கா மறைக்கிறீங்க. எனக்கு இப்பத்தான் ஒறைக்குது. முன்னெல்லாம் பட்டம்மா கூடன்னா சுறாதான். சுனாமிக்கப்புறம் ஒங்க கூடைல நெத்திலி, கவல, சங்கரா தவிர எத நா பாத்தேன்? அந்தச் சங்கராவக்கூட இன்னிக்கி நீங்க அறுத்துக் காட்டல.

— வுடு, நா கெளம்புறேன். கூடையத் தூக்கி வுடு.

— அக்கா, அழுவாதீங்க. நா குத்தம் சொல்லல.

— கத்திய எடுக்குறேன்டா. தெனமும் எடுக்குறேன். கழுவி, பலவ மேல வச்சி, வயித்துல கத்திய வைக்கிற வரைக்கும் கை வருது. அதுக்கு மேல வர மாட்டேங்குது. புள்ள உள்ள கத்துது, நா வெளிய கத்திய புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். உம்படத்தால இல்ல. உம்மேல பழியப் போட்டா பொன்னி நம்பிடுவான்னு நெனச்சேன்.

— நம்ம மாமாவ நெனச்சா?

— வாய மூடு. அவரப் பத்தி ஒண்ணும் சொல்லாத.

— செரிக்கா. சொல்லல. ஆனா இதுக்கு ஏன் இவ்ளோ தவிக்கணும்? பக்கத்து வூட்டுல தைலம்மா அத்த இருக்காங்க. ஒரு வார்த்த சொன்னா அறுத்து, கழுவி, புட்டே செஞ்சிக் குடுத்துடுவாங்க. புள்ள பசியவிட இது பெருசா?

— நா கேக்காம இருப்பனா செம்பியா? சுறாவத் தூக்கிக்கிட்டு அவ வாசப்படி வரைக்கும் போனேன். மீனு விக்கிறவ, நீ ஏன்டி அறுக்கலன்னு கேப்பா. பயமா இருக்குன்னா, வயித்துல யாரத் தேடுறன்னு கேப்பா. நெத்தியில இந்தப் பொட்ட வச்சிக்கிட்டு, நா யாரு பேரச் சொல்லுவேன்?