பலகைக்குப் பின்னால் வந்த பறவை

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, மாவட்ட அலுவலக அதிகாரி அவர்களே, இந்திரகிரி ஆற்றுமுகத்தின் சேற்றைக் கழுவிவிட்டு வந்திருக்கும் உறவுகளே, கழுவ நேரமில்லாமல் வந்திருக்கும் உறவுகளே!

நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? நம் பெரியவர் பாக் லாசிமுக்காக என்றுதான் நான் புறப்பட்டேன். இங்கே கட்டியிருக்கும் துணியிலோ பாதி அவர் முகம், பாதி ஒரு பறவை! அதிகாரியிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தாங்க. அந்தப் பறவையப் பார்த்த ஒரே ஆளு அவருதான். அவரே போயிட்டாரு, அப்போ அதுவும் போயிட்டதாத்தானே அர்த்தம்?" என்றார். எனக்கு விளங்கவில்லை. என் வீட்டைப் பார்த்தவர் இறந்தால் வீடு இடிந்துவிடுமா?

பறவை அற்றுப்போனதாக அதிகாரி கையெழுத்திட்டால், அதன் பெயரால் நம் சேற்றுவெளிக்கு இருக்கும் அரசுக் காவல் போய்விடும். கரை கட்டி இறால் குளம் வெட்டுவார்கள். சிப்பி பொறுக்க நமக்கு வேறு சேறு ஏது?

அதற்குக் குதிகால் உள்ளான் என்று பெயரிட்டவர் லாசிம். நாம் ஒரு முழங்காலைச் சேற்றில் வழுக்கிப் போகும் நம் பலகையில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்திப் போகிறோம். உந்திய குழியில் புழு கிளம்பும். அதைத் தின்ன அந்தப் பறவை பலகைக்குப் பின்னாலேயே ஓடிவரும். நிற்கும் மனிதனைக் கண்டால் வராது. அதிகாரிகள் அதைப் படகில் நின்று தேடினார்கள்! துவானோ மக்களாகிய நாமோ ஒரே வரிசையில் தோளோடு தோளாகப் போகிறவர்கள். பின்தங்குவது நமக்கு மானக்கேடு. பின்தங்கி, முன்னால் போகிறவர்களின் பின்னால் வரும் அதைப் பார்த்தவர் லாசிம் ஒருவரே!

வரிசையில் அவருக்கு முன்னால் போகும் நம் மாக் ரொகாயா அவரிடம் கேட்காத கேள்வியா? "என்னண்ணே, சிப்பி பொறுக்க வந்தீங்களா, எங்க முதுகை எண்ண வந்தீங்களா?"

"உன் பின்னால நடக்குறவளப் பாக்குறேன். அவ உன்னைவிட ஒழுங்கா நடக்குறா."

ஆனால் அவரிடம்தான் தெளிவு இருந்ததா? ஒரு நாள் அதன் கால் சிவப்பு என்பார், மறுநாள் மஞ்சள் என்பார். எங்கே கூடு கட்டும் என்றால், "நான் கேக்கல, அது சொல்லல" என்பார். உலகில் அந்தப் பறவையைப் பற்றி இருந்த அறிவு இவ்வளவுதான். அதையும் நேற்று அடக்கம் செய்துவிட்டோம்!

நாளை நீர் வடிந்ததும் ஒருமுறை பலகையில் குப்புறப் படுத்துவந்து பார்க்க அதிகாரி இசைந்திருக்கிறார். அவரை ஏற்றிக்கொண்டு கடைசியாகப் போவது யார்? நம் இளைஞர் ஹம்தானைக் கேட்டேன். "நானா கடைசி? எனக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்காங்க!" என்றார்.

பாக் லாசிம் அவர்களே! பலகைப் போட்டியில் எவரையும் முன்னால் விடாத நான் உறுதி கூறுகிறேன்: நாளை நான் கடைசியாக வருவேன். ரொகாயா சிரிக்கட்டும்!

இப்போது பெரியவருக்காக எழுந்து நின்று மௌனம் காப்போம். பறவைக்காக எழுந்தவர்கள் தயவுசெய்து உட்காருங்கள்.